பழைய மாஸி 1035-இல் பவர் ஸ்டீயரிங் மாட்டுவது எப்படி

டஃபே தயாரித்த மாஸி ஃபெர்குசன் 1035 ஊருக்கு இரண்டு மூன்றாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். என்ஜின் களைக்காது, கியர்பாக்ஸ் களைக்காது. ஒரு நாள் சேற்று உழவு முடிந்தால் ஓட்டியவரின் தோள்பட்டைதான் களைத்துப்போகும். முன்னால் லோடர் (மண் அள்ளும் வாளி) மாட்டிய வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். பவர் ஸ்டீயரிங் போடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஆனால் காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. முன் ஆக்சிலின் நடுவில் ஜாக்கி வைத்து இரண்டு டயரையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். தூக்கிய நிலையிலும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கிங் பின்னிலோ (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஸ்டீயரிங் பாக்ஸிலோ இருக்கிறது. கிரீஸ் வறண்டு துருப்பிடித்த ஸ்பைண்டில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் தண்டு), உடைந்த திரஸ்ட் பேரிங், ஆயில் வற்றிய பாக்ஸ் ஆகியவை வழக்கமான காரணங்கள். முன் டயரில் காற்று 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கியிருந்தாலும் திருப்புவது கடினம்தான். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் பாரம் போகவில்லை என்றால் மேலே படியுங்கள்.

எந்த முறை?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கார்களில் வரும் மின் மோட்டார் ஸ்டீயரிங்கைக் கழற்றி டிராக்டரின் ஸ்டீயரிங் தண்டில் புகுத்துவது. மலிவானது, ஆயில் கிடையாது. ஆனால் பாரம் ஏறும்போது அந்த மோட்டார் 12 வோல்ட்டில் 50, 60 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய டைனமோ அதற்கு ஈடுகொடுக்காது. தவிர, மோட்டார் தரும் பலம் முழுவதும் ஏற்கெனவே தேய்ந்த ஸ்டீயரிங் பாக்ஸ் வழியாகத்தான் போகும். லோடர் வண்டிக்கு இது ஆகாது.

இரண்டாவது, பழைய பாக்ஸை வைத்துக்கொண்டு, டிராக் லிங்கில் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தள்ளுகம்பி) ஒரு வால்வும் அருகில் ஒரு சிலிண்டரும் சேர்ப்பது. பாதி உதவி கிடைக்கும். வால்வு பழசானால் சக்கரம் நடுங்கத் தொடங்கும். உதிரி பாகம் தேடி அலைய வேண்டும்.

மூன்றாவது ஆர்பிட்ரால் முறை. ஸ்டீயரிங் வீலுக்குக் கீழே, வீல் திரும்பும் அளவுக்கு ஆயிலை அளந்து அனுப்பும் ஆர்பிட்ரால் யூனிட், முன் ஆக்சிலில் ஹைட்ராலிக் சிலிண்டர், நடுவில் ஓஸ் பைப் மட்டும். இரும்புத் தொடர்பே இல்லை. இன்று பவர் ஸ்டீயரிங்கோடு புதிதாக வரும் டிராக்டர்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் வருகின்றன. இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான்.

பின்னால் கலப்பையைத் தூக்க இருக்கும் லிஃப்ட் பம்ப்பிலிருந்து ஒரு பைப் இழுத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போதாது. ஃபெர்குசன் அமைப்பில் லிஃப்ட் பம்ப் பின் ஹவுசிங்குக்குள் ஆயிலில் மூழ்கி இருக்கிறது, பி.டி.ஓ. தண்டுதான் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) அதைச் சுழற்றுகிறது. பி.டி.ஓ. லீவரை விடுவித்தால் பம்ப் நின்றுவிடும். கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது, இந்த பம்ப்புக்குக் கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் தூக்கக் கேட்கும்போது மட்டும்தான் அது ஆயிலை உறிஞ்சி அடிக்கும். மற்ற நேரமெல்லாம் வெறுமனே சுழலும். ஆர்பிட்ராலுக்கு வேண்டியது என்ஜின் ஓடும் நேரமெல்லாம் இடைவிடாத ஓட்டம். ஆகவே என்ஜினிலிருந்து நேராகச் சுழலும் தனி பம்ப் வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

கணக்கு

சந்தையில் கிட் என்று கட்டித் தருவார்கள். உள்ளே என்ன அளவு இருக்கிறது என்று கேட்காமல் வாங்கினால் ஒன்று ஸ்டீயரிங் ஏழு சுற்று சுற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் என்ஜின் நின்றதும் இரண்டு ஆள் பிடித்தாலும் திரும்பாது. அளவு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

லோடர் இல்லாத 1035-இன் முன் ஆக்சிலில் சுமார் 700 கிலோ இருக்கும். லோடர் மாட்டி வாளியில் மண் நிரப்பினால் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 6.00-16 டயர், காய்ந்த தரை, வண்டி நின்ற நிலை. இந்த நிலையில் இரண்டு சக்கரத்தையும் திருப்ப லோடர் இல்லாமல் ஏறத்தாழ 550 நியூட்டன் மீட்டர், லோடரோடு ஏறத்தாழ 1,150 நியூட்டன் மீட்டர் முறுக்கு தேவைப்படும். ஸ்பைண்டிலைத் திருப்பும் கையான ஸ்பைண்டில் ஆர்ம் நீளம் 180 மி.மீ. என்றால், முழுக்கத் திரும்பிய நிலையில் அதன் பயன் தரும் நீளம் 125 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது லோடர் வண்டியில் சிலிண்டர் தள்ள வேண்டியது சுமார் 940 கிலோ.

50 மி.மீ. போர் (உள்விட்டம்), 25 மி.மீ. ராட் (தள்ளும் தண்டு), இரண்டு பக்கமும் ராட் வெளிவரும் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பயன்பரப்பு 14.7 சதுர செ.மீ. 940 கிலோ தள்ள 62, 63 பார் போதும். ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுவது) 80 பாரில் வைத்தால் தாராளம். 200 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு (ராட் நகரும் தூரம்) உள்ளே போகும் ஆயில் 294 சி.சி. ஆர்பிட்ரால் ஒரு சுற்றுக்கு 80 சி.சி. தருவது என்றால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 3.7 சுற்று. மூன்றரை முதல் நாலரை வரை இருந்தால் ஓட்ட வசதி.

125 சி.சி. ஆர்பிட்ரால் போட்டால் இரண்டேகால் சுற்றில் திரும்பிவிடுமே என்று ஆசைப்பட வேண்டாம். என்ஜின் நின்றால் ஆர்பிட்ரால் வெறும் கைப் பம்ப்பாக மாறும். லோடர் இல்லாத வண்டியை நின்ற இடத்தில் திருப்ப 30 பார் வேண்டும். 80 சி.சி. யூனிட்டில் அதற்கு ஸ்டீயரிங் விளிம்பில் சுமார் 20 கிலோ இழுவை. 125 சி.சி.யில் அதுவே 30 கிலோ. இறக்கத்தில் என்ஜின் நின்றால் இந்தப் 10 கிலோ வித்தியாசம் பெரிது.

பம்ப்: என்ஜின் சுற்றுக்கு ஒரு சுற்று வீதம் ஓடும் என்றால் 8 சி.சி. கியர் பம்ப். ஐடிலிங் 700 சுற்றில் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும். ஸ்டீயரிங்கை விநாடிக்கு ஒரு சுற்று திருப்பலாம். இதற்குக் கீழே போனால் லோடரோடு முன்னும் பின்னும் திருப்பும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டி வரும்.

வாங்க வேண்டியவை

ஆர்பிட்ரால் 80 சி.சி., ஓப்பன் சென்டர் (திருப்பாதபோது ஆயில் தடையின்றி டேங்குக்குத் திரும்பும்), நான்-ரியாக்‌ஷன் (சக்கரத்தின் உதைப்பு கைக்கு வராத) வகை. லோட் சென்சிங் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அதற்குரிய பிரயாரிட்டி வால்வு இல்லாமல் சாதாரண கியர் பம்ப்போடு அது சரியாக வேலை செய்யாது. ரிலீஃப் வால்வு, ஷாக் வால்வு (சக்கரத்தில் விழும் அடியைத் தாங்குவது), செக் வால்வு (ஆயிலை ஒரே பக்கம் விடுவது) மூன்றும் உள்ளேயே இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த யூனிட்களில் இவை இருக்காது. இல்லாவிட்டால் வெளியே ஒரு வால்வு பிளாக் தனியாக மாட்ட வேண்டும். செகண்ட் ஹேண்ட் யூனிட் வாங்கினால் வீலைச் சிறிது திருப்பி விட்டுப் பாருங்கள், ஸ்ப்ரிங் அதை நடுநிலைக்குத் தானாகக் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அது பழைய இரும்பு.

இரண்டு பக்க ராட் சிலிண்டர் 50/25, ஸ்ட்ரோக் 200. ஒரு பக்கம் மட்டும் ராட் உள்ள சிலிண்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு பக்கப் பரப்பும் வேறாக இருப்பதால் இடப்பக்கம் மூன்று சுற்று, வலப்பக்கம் நாலு சுற்று என்று ஓட்டுபவரைக் குழப்பும்.

8 சி.சி. பம்ப், 5 லிட்டர் டேங்க், ரிட்டர்னில் 10 மைக்ரான் ஃபில்டர், இரண்டு எஃகு வலை உள்ள ஆர்2 ஓஸ் 3/8 இஞ்ச் மூன்று, ரிட்டர்னுக்கு 1/2 இஞ்ச், உறிஞ்சும் பக்கத்துக்கு 3/4 இஞ்ச். 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் 7 லிட்டர். 0–160 பார் கேஜ் ஒன்று, அதை டீ ஜாயிண்டோடு. புது ஸ்பைண்டில் ஆர்ம் ஒரு ஜோடி, லிங்க் ராட் இரண்டு, பால் ஜாயிண்ட் நான்கு.

முன் ஆக்சில்தான் பாதி வேலை

கையால் திருப்பும்போது தேய்ந்த புஷ் கைக்குத் தெரியும். பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு ஒன்றும் தெரியாது; ஆட்டம் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் பால் ஜாயிண்ட் கழன்று டயர் படுத்துவிடும். எனவே பழைய ஆட்டங்களை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

ஜாக்கியில் தூக்கி, டயரின் மேல்முனையையும் கீழ்முனையையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரிடம் கிங் பின் பக்கம் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹப் மட்டும் ஆடினால் டேப்பர் பேரிங்கை இறுக்கினால் போதும்: சக்கரம் கனக்கும் வரை நட்டை இறுக்கி, பிறகு ஒரு பள்ளம் பின்வாங்கி, காட்டர் பின் போடுங்கள். ஸ்பைண்டிலோடு சேர்ந்து ஆடினால் புஷ் போய்விட்டது. புது புஷ் அழுத்திய பிறகு ரீமர் ஓட்டாமல் ஸ்பைண்டிலைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் பட்டறைகள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்பைண்டில் இறுகி, திருப்புவது மறுபடி பாரமாகும். ஆக்சில் நடுப் பின்னின் புஷ்ஷையும் பாருங்கள். அதில் இரண்டு மி.மீ. ஆட்டம் இருந்தாலும் சிலிண்டர் தள்ளும்போது முதலில் ஆக்சில்தான் நகரும், சக்கரம் அப்புறம்தான்.

இனி 1035-இன் தனிக்குணம். ஃபெர்குசன் வழி வந்த இந்த முன் ஆக்சில் பின்னோக்கிச் சாய்ந்தது. பாக்ஸின் இரண்டு பக்கமும் கீழே தொங்கும் கையான டிராப் ஆர்ம். அவற்றிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிராக் லிங்க் நீளவாக்கில் முன்னால் போகின்றன. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் குறுக்கே கிடையாது. டிராக் லிங்கும் அதனருகே ஓடும் ரேடியஸ் ராடும் (ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடிக்கும் கம்பி) ஏறத்தாழ ஒரே போக்கில் இருப்பதால், முன் சக்கர அகலத்தை 4 இஞ்ச் 4 இஞ்சாகக் கூட்டினாலும் குறைத்தாலும் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை. அழகான யோசனை. ஆர்பிட்ரால் சிலிண்டரைக் குறுக்கே வைத்ததும் இந்த வசதி போய்விடும். அகலத்தை ஒரு படி கூட்டினால் பக்கத்துக்கு 2 இஞ்ச் பீம் வெளியே போகும். சாய்வின் காரணமாகச் சற்றுப் பின்னுக்கும் போகும். லிங்க் ராட் பக்கத்துக்குச் சுமார் 50 மி.மீ. நீள வேண்டும். எனவே எந்த அகலத்தில் வண்டி ஓடப்போகிறது என்று முதலிலேயே முடிவுசெய்து அதற்கு ஏற்ப லிங்க்கை வெட்டுங்கள். வருடத்தில் இரண்டு முறை அகலம் மாற்றுபவர் இரண்டு நீளத்தில் இரண்டு ஜோடி லிங்க் வைத்துக்கொள்வது நல்லது. மரையை மட்டும் நம்பி இழுத்துவிட வேண்டாம்: எம்20 மரை என்றால் குறைந்தது 30 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். அது வெளியே தெரியாது என்பதால் மரையில் பெயிண்ட் கோடு போட்டு வைப்பது பழக்கமாகட்டும்.

பழைய ஸ்பைண்டில் ஆர்மும் இங்கே உதவாது. நீளவாக்கில் தள்ளும் டிராக் லிங்க்குக்காக அந்த ஆர்ம் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். குறுக்கே தள்ளும் சிலிண்டருக்கு ஆர்ம் பின்னோக்கியோ முன்னோக்கியோ இருக்க வேண்டும். பழையதைச் சூடுகாட்டி வளைப்பதும் வெட்டி வெல்டு வைப்பதும் உயிரோடு விளையாடுவது. கிட்டோடு வரும் ஆர்மை வாங்குங்கள். சாவிப் பள்ளமோ ஸ்ப்ளைனோ உங்கள் ஸ்பைண்டிலோடு ஒத்துப்போகிறதா என்று பழையதைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிடுங்கள். ஆர்ம் பின்னோக்கி இருந்தால், இரண்டு ஆர்மையும் பின்னால் நீட்டி நூல் பிடித்துப் பார்க்கும்போது அந்த இரண்டு நூலும் பின் ஆக்சிலின் நடுப்பக்கம் சென்று சந்திக்க வேண்டும். இணையாகப் போனால் திரும்பும்போது டயர் தேய்ந்து கத்தும்.

சிலிண்டரை ஆக்சிலின் நடு பீமில் மாட்டுங்கள், என்ஜின் சட்டத்தில் அல்ல. ஆக்சில் நடுப் பின்னில் ஊஞ்சலாடுவது. சட்டத்தில் மாட்டினால் வரப்பு ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். 12 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து, 8.8 தர எம்16 போல்ட்டோ யு போல்ட்டோ கொண்டு இறுக்குங்கள். பீமில் வெல்டு வேண்டாம். வெல்டு வைத்த ஓரத்திலேயே பின்னாளில் விரிசல் வரும். சிலிண்டரின் நடுவும் ஆக்சிலின் நடுவும் ஒன்றாக வரட்டும். சக்கரம் நேராக இருக்கும்போது லிங்க் ராட் சிலிண்டர் ராடோடு ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். முழுக்கத் திரும்பும்போது 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ராட் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு ஆறே மாதத்தில் சீல் ஒழுகும்.

ஆக்சில் ஸ்டாப் போல்ட்டைச் சரிசெய்ய மறக்காதீர்கள். சிலிண்டருக்குள் 3 மி.மீ. ஸ்ட்ரோக் மிச்சம் இருக்கும்போதே ஸ்டாப் முட்ட வேண்டும். டயர் ரேடியஸ் ராடிலோ லோடர் தூணிலோ உரசாமல் இருக்கிறதா என்று இரண்டு கோடியிலும் பாருங்கள், ஆக்சிலை ஒரு பக்கம் தூக்கி இன்னொரு முறையும் பாருங்கள். டோ-இன் 3 முதல் 6 மி.மீ.: ஹப் உயரத்தில் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட அவ்வளவு குறைவாக இருக்கட்டும்.

ஒரே டிராக் லிங்கும் குறுக்கே டை ராடும் உள்ள வண்டி என்றால் மேலே சொன்னதில் பாதி வேலை உங்களுக்கு இல்லை.

பம்ப்

டைமிங் கேஸில் பம்ப் உட்கார இடமும் அதை மூடிய தகடும் உள்ள என்ஜின் என்றால் அதிர்ஷ்டம். தகட்டைக் கழற்றி, கியரோடு வரும் பம்ப்பை புது கேஸ்கெட்டோடு உட்காரவைத்தால் முடிந்தது. பல் பற்றுவதில் மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். கையால் தொட்டால் லேசான தட்டல் தெரியும். 

அந்த வசதி இல்லாவிட்டால் கிராங்க் புல்லியிலிருந்து வி-பெல்ட். இங்கேதான் நிறைய பம்ப் சாகிறது. சாதாரண கியர் பம்ப்பின் தண்டு முறுக்கத்தைத் தாங்குமே தவிர பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. பெல்ட் புல்லியை நேராக அதில் மாட்டினால் முன் புஷ் நீள்வட்டமாகத் தேய்ந்து, முதலில் ஆயில் சீல் ஒழுகும், பிறகு பம்ப் முனகும், பிறகு பிரஷர் வராது. பெல்ட்டுக்கென்றே வெளியே தனி பேரிங் வைத்த பம்ப்பை வாங்குங்கள், அல்லது புல்லியைத் தனித் தண்டில் இரண்டு பேரிங்கில் ஓட்டி, ரப்பர் கப்ளிங் வழியாக பம்ப்பைச் சுழற்றுங்கள். புல்லிகளின் முகம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேர்க்கட்டை வைத்துப் பாருங்கள். சுழலும் திசை பம்ப்பின் மேல் அம்பாகக் குறித்திருக்கும். திசை மாறினால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏறி சீலைத் தள்ளிவிடும்.

ஆர்பிட்ராலைப் பொருத்துதல்

டிராக் லிங்க், டிராப் ஆர்ம் இரண்டையும் கழற்றிய பிறகு பழைய பாக்ஸை எடுங்கள். அடியில் கியர்பாக்ஸுக்குத் திறப்பு இருந்தால் துணியால் உடனே அடைத்துவிடுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் அந்த நாள் போனது. 10 மி.மீ. தகட்டை அதே போல்ட் துளைகளுக்கு ஏற்பத் துளைத்து, கேஸ்கெட்டோடு மூடி, அதன்மேலேயே ஆர்பிட்ரால் பிராக்கெட்டை எழுப்பலாம். பிராக்கெட் ஒல்லியாக இருந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஏறி இறங்கும்போது முழுத் தண்டும் வளையும், எல்லோரும் அதைப் பிடித்துத்தானே ஏறுகிறோம். 6 மி.மீ. தகட்டை மடித்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள்.

தண்டின் ஸ்ப்ளைன் முனை ஆர்பிட்ராலுக்குள் போகும் இடத்தில் 1 முதல் 2 மி.மீ. வரை மேலும் கீழும் இடைவெளி இருக்க வேண்டும். தண்டு அடியில் முட்டி நின்றால் உள்ளே இருக்கும் ஸ்பூலை (ஆயிலுக்கு வழி திறந்து மூடும் உருளை) அழுத்தும். வீலை விட்டாலும் அது நடுநிலைக்கு வராது, வண்டி மெல்ல ஒரு பக்கமே இழுக்கும். யூனிட் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடும் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். சோதிக்கும் வழி: பிடித்து இறுக்கும் முன், ஸ்ப்ளைன் முனையில் சிறிது களிமண்ணை ஒட்டிச் செருகி எடுத்துப் பாருங்கள். நசுங்கிய மண்ணின் கனம்தான் உங்கள் இடைவெளி.

பழைய ஸ்டீயரிங் வீல் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் லேத்தில் அடாப்டர் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். தண்டில் வெல்டு வேண்டாம்.

பைப், டேங்க்

பி என்று குறித்த வாயில் பம்ப்பிலிருந்து வரும் பைப், டி-யில் டேங்குக்குத் திரும்பும் பைப், எல், ஆர் இரண்டும் சிலிண்டருக்கு. பி-யும் டி-யும் மாறினால் ஸ்டீயரிங் வேலை செய்யாது, யூனிட்டும் கெடலாம். எல், ஆர் மாறினால் இடது திருப்ப வண்டி வலது போகும். இதை வயலில் கண்டுபிடிப்பதைவிட ஜாக்கியில் நிற்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது.

வாய்கள் பெரும்பாலும் பிஎஸ்பி நேர்மரை. இதில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது: கசிவை நிறுத்துவது மரை அல்ல, ரப்பர் ஒட்டிய டவுட்டி வாஷர். டேப்பின் ஒரு கீற்று உள்ளே போய் செக் வால்வில் சிக்கினால் முழு யூனிட்டையும் பிரிக்க வேண்டும்.

ஓஸ் வெட்டும்போது உள்ளே ரப்பர் தூளும் கம்பித் துண்டும் விழும். கிரிம்பிங் செய்த கடையிலேயே கம்ப்ரஸர் காற்று விட்டு ஊதச் சொல்லி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு வாங்கி வாருங்கள். ஆர்பிட்ராலின் உள் இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. ஒரு மணல் துகள் ஸ்பூலில் கோடு கிழித்தால் சரிசெய்ய வழி இல்லை. சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஓஸும் ஆக்சில் ஊஞ்சலாடும் அளவுக்குத் தொய்வாக இருக்கட்டும், ஆனால் ரேடியேட்டர் விசிறிப் பக்கமோ சைலன்ஸர் பக்கமோ போகக்கூடாது. உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றுங்கள்.

டேங்க்கின் அடிமட்டம் பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். திரும்பி வரும் குழாய் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரை கட்டும். உறிஞ்சும் குழாயும் அதுவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக்கூடாது, நடுவில் ஒரு தடுப்புத் தகடு போதும்.

ஆயில் ஊற்றி ஓட்டுதல்

முன் சக்கரங்களைத் தூக்கி, சிலிண்டரை நடுவில் நிறுத்துங்கள். பம்ப்பின் வாயைக் கழற்றி 50 மில்லி ஆயிலை நேராக உள்ளே ஊற்றிய பிறகே பைப்பை மாட்டுங்கள். உலர்ந்த பம்ப் அரை நிமிடம் ஓடினாலும் அதன் தகடு கீறிவிடும். டேங்க்கை நிரப்பி, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்து ஐந்து விநாடியாக மூன்று முறை சுற்றுங்கள். பிறகு என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை மெதுவாகக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்காதீர்கள். முதல் சில முறை விட்டு விட்டுத் திரும்பும், காற்று வெளியேறுகிறது. 10, 15 முறைக்குள் சீராகிவிடும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் நிறுத்தி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள்.

இப்போது பிரஷர். பி பைப்பில் டீ ஜாயிண்ட் வைத்து கேஜை மாட்டி, என்ஜினை 1,500 சுற்றில் வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியில் மூன்று விநாடி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். 80 பார் காட்டினால் சரி. கடையிலிருந்து வரும்போதே 100, 120 பாரில் அமைத்த யூனிட்கள் உண்டு. லோடர் இல்லாத வண்டிக்கு 60 பாரே மிகுதி, குறைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது என்று கூட்டிக்கொண்டே போனால், பள்ளத்தில் சக்கரம் சிக்கியிருக்கும்போது திருப்பினால் வளைவது லிங்க் ராடும் ஆர்மும்தான்.

கோடியில் பிடித்து வைக்கும் பழக்கம் ஏன் கெட்டது என்றால்: 2,000 சுற்றில் பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டரை 80 பாரில் ரிலீஃப் வழியாகத் தள்ளும்போது 2 கிலோவாட் முழுவதும் சூடாக மாறுகிறது. டேங்கில் இருக்கும் 5 லிட்டர் ஆயில் நிமிடத்துக்கு 14, 15 டிகிரி ஏறும். ஐந்து நிமிடத்தில் சீல்கள் வேகத் தொடங்கும்.

கோளாறும் காரணமும்

ஐடிலிங்கில் பாரம், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசு: பெல்ட் வழுக்குகிறது அல்லது பம்ப் சிறியது. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும்.

எந்த வேகத்திலும் பாரம்: கேஜ் மாட்டிப் பாருங்கள். 80 பார் வருகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால் கிங் பின். 30, 40 பாரிலேயே நிற்கிறது என்றால் ரிலீஃப் வால்வில் அழுக்கு, அல்லது சிலிண்டர் பிஸ்டன் சீல். எது என்று பிரிக்க, சிலிண்டரை ஒரு கோடிக்குக் கொண்டுபோய் என்ஜினை நிறுத்தி, பிரஷர் இல்லாத பக்க ஓஸைக் கழற்றி ஒரு டப்பாவில் விடுங்கள், ஆர்பிட்ரால் பக்க வாயை மூடுங்கள். என்ஜினை ஓட்டி அதே பக்கம் அழுத்தினால் சிலிண்டரிலிருந்து ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போயிற்று. கை, முகம் அருகில் வேண்டாம்.

பம்ப் முனகல்: உறிஞ்சும் பக்கத்தில் காற்று. கிளிப்பில் கிரீஸ் தடவிப் பாருங்கள், சத்தம் அடங்கினால் கசிவு அங்கேதான்.

வீல் தானாகச் சுற்றுகிறது: உடனே என்ஜினை நிறுத்துங்கள். ஸ்பூலில் அழுக்கு, நடுநிலை ஸ்ப்ரிங் முறிவு, அல்லது யாரோ பிரித்து கியர் செட்டைப் பல் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். இந்த நிலையில் வண்டியை ஷெட் வரை கூட ஓட்டக்கூடாது.

நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் வீலின் கை மெல்ல இடம் மாறிக்கொண்டே போவது கோளாறு அல்ல. ஆர்பிட்ராலில் சிறு கசிவு எப்போதும் உண்டு, இரும்புத் தொடர்பு இல்லாததால் வீலுக்கு நிலையான நடு கிடையாது. ஆனால் வீலை அசைக்காமல் பிடித்திருக்கும்போது வண்டி திரும்பினால் அது கோளாறு.

முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், குறிப்பாக ஆர்ம் நட்டும் சிலிண்டர் பிராக்கெட்டும். 50 மணியில் ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றுங்கள். புது பைப்பின் கசடு அதில்தான் இருக்கும். பிறகு 500 மணிக்கு ஒரு முறை.

வண்டியை வேறு யாரிடமாவது கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய 1035-இல் அது முட்டாள்தனம். டிரெய்லரோடு போகும் ஆர்பிட்ரால் வண்டியில் அது விபத்து.